பேர் சொல்லிக் கொடுத்த சேலைகள்

செண்பகநல்லூரில் சேலைகள் பதில் சொல்ல ஆரம்பித்தது ஒரு தைப்பூசத்தன்று, அதுவும் பட்டப்பகலில், ஊரே ஆற்றங்கரையில் கூடியிருந்தபோது. கூட்டத்தில் மனைவியைத் தவறவிட்ட போஸ்ட்மாஸ்டர் படித்துறையில் நின்றுகொண்டு, "ஏ கோமு, எங்கட்டி போய்த் தொலஞ்ச?" என்று பொதுவாக ஆற்றைப் பார்த்துக் கத்த, "இங்கனதான் இருக்கேன், மண்டபத்துக்குப் பின்னால, கரும்பு விக்கவன் பக்கத்துல" என்று பதில் வந்தது. கோமுவோ அப்போது வாய் நிறையக் கரும்பை வைத்துக்கொண்டிருந்தாள், அவளால் பேசியிருக்கவே முடியாது. பேசியது அவள் உடுத்தியிருந்த மாம்பழக் கலர்ச் சேலை, அதுவும் அவள் குரலிலேயே. கோமு குனிந்து முந்தானையைப் பார்த்தாள், சக்கையைத் துப்பினாள், "இதுக்கு என்ன கேடு" என்றாள். அன்றைக்கு ஊரில் அதைப் பற்றி நடந்த பேச்சு அவ்வளவுதான், ஏனென்றால் சப்பரம் புறப்பட நேரமாகிவிட்டது, எல்லோருக்கும் பசி வேறு.

காரணம் என்று யாராவது ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டுமென்றால் குழைக்காதர் ஜவுளிக்கடையைச் சொல்லலாம். அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பில் போட்ட பிறகு சேலையைத் தாம்பாளத்தில் வைத்து, ஓரத்தில் துளி மஞ்சள் தொட்டு, உடுத்தப் போகிறவள் பேரைக் கேட்டு, சேலையைப் பார்த்து அந்தப் பேரைச் சொல்லித்தான் கொடுப்பார்கள். "இது கோமுவுக்கு", "இது பேராச்சிக்கு", "இது சின்னவ லலிதாவுக்கு" என்று. வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், பேர் சொல்லாத சேலையைச் செண்பகநல்லூர்ப் பெண்கள் கையாலும் தொடமாட்டார்கள். பேர் சொல்வது பில் போடுகிற ஆவுடையப்பனின் வேலை. மீசை அரும்பிய காலத்தில் அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தவர் தலை நரைத்தும் அங்கேயேதான் இருந்தார். ஊர்ப் பெண்டுகள் பேரெல்லாம் ஒரு தடவையாவது இந்த மனுசன் வாயில் வந்து போயிருக்கும் என்று அவர் மனைவி பிரமு கேலி செய்வாள்.

தீபாவளிக் கூட்டங்களில் சேலைகள் காணாமல் போக ஆரம்பித்ததும் முதலாளி குழைக்காதர் ஒரு கம்பெனியை வரவழைத்தார். மெர்சி என்ற இன்ஜினியர் பெண் வந்து, அரிசிமணி அளவில் ஒரு சிப்பும் தலைமுடி போல ஒரு கம்பியுமாகச் சேலைக்கொன்று பார்டர் மடிப்புக்குள் வைத்துத் தைக்கச் சொன்னாள். அதற்கு பேட்டரி கிடையாது. வாசல்நிலையில் நிற்கும் கருவி "யாரது?" என்று கேட்டால், கேட்ட கேள்வியிலிருந்தே தெம்பை எடுத்துக்கொண்டு "நான்தான், இன்ன சேலை" என்று சொல்லிவிடும். பில் போடாத சேலையென்றால் மணி அடிக்கும்.

"ஒண்ணே ஒண்ணு சார்," என்றாள் மெர்சி. "கேக்கிறது யாருன்னு இது பாக்காது. யார் கேட்டாலும் பதில் சொல்லிரும். அதனால பில் போட்டதும் இந்தப் பொத்தானை அமுக்கி சிப்பை முடிச்சு விட்ரணும். இல்லேன்னா வெளியே போயும் சொல்லிக்கிட்டே இருக்கும்."

கடை ஆட்களுக்கு விளங்கட்டும் என்று பொத்தான்மேல் தமிழிலேயே எழுதி ஒட்டியிருந்தாள்: 'கொல்'.

குழைக்காதர் அதை இரண்டு தடவை படித்தார். "முகூர்த்தப் பட்டைத் தாம்பாளத்துல வச்சு, மஞ்சத் தொட்டு, பிள்ள பேரைச் சொல்லி, அந்தக் கையோட கொல்லுன்னு ஒரு பொத்தான அமுக்கணுமாம்மா? வெளங்குமா அந்தக் குடும்பம்?"

மெர்சி சிரிக்காமல் "வேற எழுதிரலாம் சார், 'நிறுத்து'ன்னு" என்றாள். நிறுத்து என்றால் கல்யாணம் நின்றுபோகவா என்று கேட்டார் முதலாளி. 'பேசாதே' என்றால் பொண்ணுக்கு வாயடைத்துப் போகவா என்று கேட்டார். கடைசியில் பொத்தானுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மேலே ஒரு செம்பருத்தியைச் சாத்தி, பில் மேஜையிலிருந்த அந்தப் பொத்தான் கருவியைச் சாமி படத்துக்குக் கீழே தூக்கி வைத்துவிட்டார். சேலைக்குச் சேலை தனித்தனி ரகசிய எண்ணைச் சாவியாக வைக்க வேண்டும், ஒரே சாவி போட்டால் ஒன்றை அமுக்கினால் எல்லாம் அமுங்கிவிடும் என்று அவள் சொன்னதற்கும், "கடை ஒண்ணு, முதலாளி ஒருத்தன், சாவி மட்டும் எதுக்கும்மா ஆயிரம்?" என்று முடித்துவிட்டார். வேட்டிக்குச் சிப்பு வைக்கவில்லை. வேட்டியை எவன் திருடுவான் என்றார். இப்படியாகச் செண்பகநல்லூரின் சேலைகளெல்லாம் உயிரோடு வாசல் தாண்டிப் போயின, வருஷக்கணக்கில் போயின, ஒரு பூசத்தன்று வாயும் திறந்தன.

ஒரு தெரு நீளத்துக்குள் நின்று பேரைச் சொல்லிக் கேட்டால் பதில் வரும். உடுத்தி உடுத்தி உடம்போடு ஒட்டிய சேலைக்கு உடுத்தியவளின் குரல், புதுச் சேலைக்குப் புதுத்துணியின் மொரமொரப்பான குரல். ஊர் இதற்கு ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது, புதிதாக வந்த மினிபஸ்ஸுக்குப் பழக அதற்கு இதைவிட நாளாகியிருந்தது. நாத்தனார் இரவல் வாங்கி இல்லவே இல்லை என்று சாதித்த பட்டுச் சேலைகள் நாத்தனார் பெட்டிக்குள்ளிருந்தே கூப்பிட்டன. திருவிழாவில் யாரும் தொலையவில்லை. எப்போதோ கிழித்த சேலைகள் ஜன்னல் திரையாகவும், தொட்டிலாகவும், அடுப்படியில் கரித்துணியாகவும் இருந்த இடத்திலிருந்து பதில் சொல்ல, அட இது என் தலைதீபாவளிச் சேலையல்லவா என்று பெண்கள் கரித்துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் மாமியார்கள் கேட்க ஆரம்பித்தார்கள், அப்புறம் புருஷன்மார்கள். கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு மேட்டினி போனவர்களின் சேலைகள் தியேட்டர் சுவருக்கு வெளியே கேட்கும்படி சீட்டின் வரிசையைச் சொல்லின. தெருவில் நின்று யார் வேண்டுமானாலும் யார் பெண்டாட்டியை வேண்டுமானாலும் எங்கே என்று கேட்கலாம் என்றானது. ஆண்களை மட்டும் கேட்க வழியில்லை, வேட்டிக்குத்தான் வாயில்லையே. பெண்கள் ஒன்றும் சண்டைக்குப் போகவில்லை. சேலையைக் கொடியில் காயப்போட்டுவிட்டு, சந்தையில் வாங்கிய நைட்டியைப் போட்டு, தோளில் ஒரு துண்டையும் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பினார்கள். அந்த வருஷம் செண்பகநல்லூரில் நைட்டி விற்றதுபோல் வேறெங்கும் விற்றிருக்காது.

ஆனால் ஒரு விஷயத்தில் ஊரே உருகிப்போனது. செத்துப்போனவர்களின் சேலைகளும் பேசின. பேசியது இருக்கிற இடத்தை மட்டும்தான், நல்லா இருக்கியா என்றோ சாப்பிட்டியா என்றோ ஒரு வார்த்தை இல்லை. அதற்கே ஜனங்கள் பெட்டிகளின் முன்னால் உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டார்கள். குழைக்காதர் தினமும் கடை திறக்கும் முன் பூஜையறையில் அம்மாவின் சேலையை ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் கிளம்பினார்.

ஆவுடையப்பனும் கேட்டார். பிரமு போய் இரண்டாவது மழைக்காலம் நடந்துகொண்டிருந்தது. சாயங்காலம் கடையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றியதும் கழற்றாததுமாகப் பீரோ முன்னால் போய் நின்று, "பிரமு, எங்க இருக்க?" என்பார்.

"இங்கனதான், பீரோவுல, ரெண்டாந்தட்டுல இருக்கேன்."

கொஞ்சம் இழுத்து, கடைசியில் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும் அவள் குரலேதான். அது பிரமு இல்லை, கத்தரிப்பூக் கலர்ச் சேலை என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. அவரே எடுத்து, அவரே மஞ்சள் தொட்டு, "இது என் பிரமுவுக்கு" என்று கடையே சிரிக்கச் சொல்லிக் கொடுத்த சேலை. உயிரோடிருந்தபோது அவளிடம் இப்படி ஒரு நேர்ப் பதிலை வாங்கவே முடிந்ததில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானங்களில் அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கேயோ போவாள், விளக்கு வைக்கும் முன் வந்துவிடுவாள், வந்து தனக்குத்தானே எதையாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே சமைப்பாள். எங்கே போனாய் என்றால் "எங்கயோ" என்பாள். கோபித்துக்கொண்டால் ஒரு கரண்டி நெய் கூட விடுவாள், அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் ஆரம்பித்த அந்தச் செவ்வாய்க்கிழமைகளின் கணக்கு கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது. இப்போது கேட்ட நேரத்துக்குக் கேட்ட பதில் வந்தது, அவர் பீரோக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார்.

அவர் வீட்டுப் பின்கட்டில் வடிவு குடியிருந்தாள். பக்கத்து மாவட்டத்தில் ராஜதுரை என்பவனுக்கு வாழ்க்கைப்பட்டு, அடி தாங்காமல் கட்டிய சேலையோடு வந்தவளை பஸ் நிலையத்தில் பார்த்துக் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்தது பிரமுதான். சேலைகளுக்கு ஃபால்ஸ் தைத்துப் பிழைத்தாள். கட்டிவந்த அந்த அரக்குப் பட்டு அவள் முகூர்த்தச் சேலை. அவள் அப்பா செண்பகநல்லூருக்கே வந்து, குழைக்காதர் கடையிலேயே எடுத்தது. "இது வடிவுக்கு" என்று அதற்குப் பேர் சொன்னதும் ஆவுடையப்பன்தான்.

பூசத்துக்கு மறுநாளே அவள் அந்தச் சேலையை ஆற்றில் விட்டாள். நல்ல ஊர் அல்லவா, படித்துறையில் குளித்தவர்கள் அதைப் பிடித்து, விசாரித்து, காயவைத்து, மடித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். பிறகு அதை அடுப்பில் வைத்து அழுதுகொண்டே எரித்தாள். எரிந்து அடங்கியதும் ஆவுடையப்பன் முற்றத்தில் நின்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்: "வடிவு, எங்கம்மா இருக்க?" வடிவு வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள். ஆனாலும் பதில் வந்தது, அவள் தலைமுடியிலிருந்து வந்தது. சேலைப்புகை முடியில் ஏறியிருந்தது, சீயக்காய் போட்டு எத்தனை தடவை அலசியும் இறங்கவில்லை.

வடிவு கத்தரிக்கோலை எடுத்தாள். அவர் பிடுங்கி வைத்தார். "இன்னைக்கு முடி. நாளைக்கு நகத்துலேருந்து பேசும். அதுக்கு மேல எதை வெட்டுவ?"

"எந்த ஊருக்குப் போனாலும் கேட்டாச் சொல்லிருமே அண்ணாச்சி," என்றாள் வடிவு. "எங்க போய் ஒளிய நான்?"

பேசும் சேலைகளின் செய்தி மாவட்டம் தாண்டிப் போனது. ஒரு காலையில் ராஜதுரை வந்து பஸ் நிலையத்து லாட்ஜில் அறை எடுத்தான். சலவைச் சட்டை, நெற்றியில் விபூதி, கையில் ஒரு பை ஆப்பிள். தெருத் தெருவாகப் போய், தெருமுனையில் நின்று, "வடிவு, எங்கம்மா இருக்க?" என்று பிரியமாகவே கேட்டான். அந்தப் பிரியத்தைக் கேட்டு இரண்டு பேர் அவனுக்கு மோர்கூடக் கொடுத்தார்கள்.

பெண்களுக்கு விஷயம் தெரியும். யார் யாரிடம் சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் மறுநாள் கடை திறந்ததும் கோமு ஒரு புதுச் சேலையை எடுத்து மேஜையில் வைத்தாள். "யார் பேரு?" என்று வழக்கப்படி கேட்டார் ஆவுடையப்பன். "வடிவுன்னு சொல்லுங்க" என்றாள். அவளுக்குப் பின்னால் பேராச்சி நின்றாள், அவளுக்குப் பின்னால் வாசல் வரை பெண்கள், அத்தனை பேரும் வடிவு. அவர் ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் தொட்டு, "இது வடிவுக்கு" என்று சொல்லிக் கொடுத்தார். அன்றைக்கு ராஜதுரை எந்தத் தெருவில் நின்று கேட்டாலும் வீட்டுக்கு வீடு, கொடிக்குக் கொடி, "இங்கனதான் இருக்கேன், இங்கனதான் இருக்கேன்" என்று ஊரே பதில் சொன்னது. பெண்கள் கதவுக்குப் பின்னால் வாயில் துணியை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அவன் கோபப்படவில்லை. ஒவ்வொரு குரலாகக் காது கொடுத்துக் கேட்டான், தலையை ஆட்டிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனான். அவையெல்லாம் மொரமொரப்பான புதுத்துணிக் குரல்கள். பெண்டாட்டி குரல் எப்படியிருக்கும் என்று அவனுக்கு நன்றாகவே தெரியும், அது கெஞ்சும்போது எப்படியிருக்கும் என்றும் தெரியும்.

அதற்கடுத்த நாள் காலையில் அவன் ஆவுடையப்பன் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டான்.

"வடிவு, எங்கம்மா இருக்க?"

"இங்கனதான்," என்றது பின்கட்டிலிருந்து அவள் குரல், நடுங்காமல், ஒளிக்காமல், "கதவச் சாத்திக்கிட்டு, தையல் மிஷினுக்குப் பின்னால இருக்கேன்."

ஆவுடையப்பன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "அது சேலை பேசுது தம்பி."

"குரல் தெரியாதா அண்ணாச்சி எனக்கு?" என்று சிரித்தான் ராஜதுரை. "வயசானவர்ட்ட மல்லுக்கு நிக்கது மரியாதையில்ல. மத்தியான பஸ்ஸுக்கு எங்க அண்ணன்மார் வாராங்க. அவங்களோட வந்து கூட்டிட்டுப் போறேன்." ஆப்பிள் பையைப் படியில் வைத்துவிட்டுப் போனான்.

ஆவுடையப்பன் உள்ளே போய்ப் பீரோவைத் திறந்தார். கத்தரிப்பூக் கலர்ச் சேலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கிக் கடைக்கு நடந்தார். பொம்பளைச் சேலையை மேலே போட்டுக்கொண்டு போகிறாரே என்று கேட்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

சாமி படத்துக்குக் கீழே பொத்தான் கருவி இருந்தது. பொத்தான்மேல் அன்றைய செம்பருத்தி வாடாமல் இருந்தது, முதலாளி தினமும் மாற்றுவார். ஆவுடையப்பன் பூவை எடுத்துக் கீழே வைத்ததைப் பார்த்ததும் குழைக்காதர் எழுந்து வந்துவிட்டார்.

"என்னவே ஆவுடை, என்ன செய்யுதீரு?"

"அமுக்கப் போறேன் முதலாளி."

"ஒண்ணை அமுக்குனா எல்லாம் போயிரும்வே. அந்தப் பிள்ள படிச்சுப் படிச்சுச் சொல்லிச்சே." அவர் கையால் பொத்தானை மறைத்தார். "எங்கம்மா பூஜையறையில இருக்காவே."

ஆவுடையப்பன் தோளைத் திரும்பிப் பார்த்து, "பிரமு, எங்க இருக்க?" என்றார்.

"இங்கனதான்," என்றது சேலை, "உங்க தோள்ல இருக்கேன்."

தோளில் இருக்கேன் என்று அவள் உயிரோடிருந்தபோதுகூடச் சொன்னதில்லை, நாலு பேர் முன்னால் கையைப் பிடிக்கக்கூட விட்டதில்லை. ஆவுடையப்பன் கண்ணீரைத் துடைக்கவில்லை. "எனக்கு மட்டும் இது வேண்டாமா முதலாளி? ஆனா அந்தப் பிள்ளையக் கொண்டாந்து சேத்தது இவ. அது சேலைக்குப் பேர் சொல்லிக் கொடுத்தது நான். நான் சொன்ன பேரை வச்சு ஒருத்தன் அவள இழுத்துட்டுப் போவான், நான் பீரோ முன்னால நின்னு கதை பேசிக்கிட்டிருக்கவா?"

குழைக்காதர், அபசகுனமான வார்த்தை காதில் விழப்போகிறவர் போலச் சுவர்ப்பக்கம் திரும்பி, இரண்டு காதையும் இறுகப் பொத்திக்கொண்டார். "அமுக்கும்" என்றார்.

ஆவுடையப்பன் வேட்டி நுனியால் பொத்தானிலிருந்த குங்குமத்தைத் துடைத்தார், தோள் சேலையை ஒரு தடவை தொட்டுக்கொண்டார், அமுக்கினார்.

சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. ஊரில் கொடிகளில் கிடந்த சேலைகள் காற்றில்லாதபோது தொங்குவதுபோல் தொங்கின, பெட்டிகளும் தொட்டில்களும் கரித்துணிகளும் வடிவின் தலைமுடியும் ஊமையாயின, யாரோ ஒரு வீட்டில் யாரோ ஒருவர் அம்மா அம்மா என்று திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு நிறுத்தினார். மத்தியான பஸ்ஸில் அண்ணன்மார் வந்தார்கள். ராஜதுரை பின்கட்டுக் கதவை உடைத்துத் திறந்தபோது அங்கே தையல் மிஷினும் பாதி தைத்த ஃபால்ஸும்தான் இருந்தன, ஏனென்றால் நைட்டி போட்ட பெண்கள் நாலைந்து பேர் கொல்லைவழியே வந்து, நைட்டி போட்டுத் தலையில் துண்டு கட்டிய இன்னொருத்தியையும் சேர்த்துக்கொண்டு, அவன் எதிரிலேயே குடத்தோடு போயிருந்தார்கள். அவன் தெருத் தெருவாக நின்று கேட்டான். முதலில் பிரியமாக, பிறகு கத்தி, பிறகு அவனுக்குப் பழக்கமான வார்த்தைகளில். மோர் கொடுத்தவர்கள் அதைக் கேட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு சேலையும் வாய் திறக்கவில்லை. கடைசி பஸ்ஸுக்கு ஊரே வந்து நின்று அவர்களை ஏற்றிவிட்டது.

ஊர் ஆவுடையப்பனை ஒரு வாரம் திட்டியது, பிறகு அவர் சேலைக்குப் பேர் சொல்லாமல் வெறுமனே மடித்துக் கொடுப்பதற்கும் பழகிக்கொண்டது. மேட்டினிக் காட்சிகளில் மறுபடியும் கூட்டம் சேர்ந்தது. வடிவு பட்டப்பகலில் சந்தைக்குப் போய்ப் பூசணிக்காய்க்குப் பேரம் பேசினாள்.

ஒரு நாள், செவ்வாய்க்கிழமை. ஆவுடையப்பன் கடையிலிருந்து வந்து, பழக்க தோஷத்தில் பீரோ முன்னால் போய் நின்று, "பிரமு, எங்க இருக்க?" என்று கேட்டுவிட்டார். இரண்டாந்தட்டில் சேலை இருந்தது. பதில் இல்லை. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பின்கட்டில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு வைக்க இன்னும் நேரம் இருந்தது. உட்கார்ந்திருக்க உட்கார்ந்திருக்க, அந்த மௌனம் தனக்குப் பழக்கமானதுதான் என்று அவருக்குத் தெரிந்தது. எத்தனையோ வருஷம், இதே நேரத்தில், இதே வீட்டில், பூட்டைத் திறந்து உள்ளே வந்து அவர் கேட்டுக்கொண்டிருந்த மௌனம்தான். பிரமு சொல்லாமல் எங்கேயோ போயிருந்தாள். ஆவுடையப்பன் எழுந்து பீரோவைச் சாத்திவிட்டு, இரண்டு பேருக்கு உலை வைத்தார்.